குழந்தை வடக்கே பார்த்த விஷயமாக மாப்பிள்ளைக்கு

மேற்கு மாம்பலம்,
சென்னை-33.
24-11-1974, ஞாயிறு.

சிரஞ்சீவி மாப்பிள்ளை சுந்தரராமன் அவர்களுக்கு, மாமனார் கல்யாணராமன் மனப்பூர்வமான ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். இப்படி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, இது முற்றிலும் சரிதானா என்று யோசித்தேன். காமாக்ஷி க்ஷேமம். தங்கள் மாமியார் கோமளம் க்ஷேமம், குரலும் பலமாகவே இருக்கிறது. குழந்தை க்ஷேமம், போன வாரம் நிறுத்ததில் ஐந்தே முக்கால் கிலோ. என் கழுத்து மட்டும் முழு க்ஷேமம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் அதுவும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் இக்கடிதத்தின் நடுவில் வரும். அங்கே டெட்ராய்டில் குளிர் ஆரம்பித்திருக்கும். தாங்கள் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இதுவரை தாங்கள் எழுதிய நான்கு கடிதங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: பிரசவத்தில் ஆயுதம் போட அனுமதி கொடுத்தது யார்? முதல் கடிதத்துக்குப் பதிலாக, பருவமழை ஒன்பது நாள் தாமதம் என்று எழுதினேன். இரண்டாவதற்குத் தொட்டில் வந்து சேர்ந்ததைப் பற்றி எழுதினேன். மூன்றாவதற்கு மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் தேங்கிய தண்ணீரின் ஆழத்தை எழுதினேன். நான்காவதில் தாங்கள் சிவப்பு மசியால் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். இனிமேல் எழுதுவதற்கு வானிலை சம்பந்தமாக என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். நான்தான். கையெழுத்துப் போட்டது நான்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்புக்கு எத்தனை வளையல், பிரசவ மருந்தில் எவ்வளவு சுக்கு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள், பெண்ணின் தகப்பனார் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும் என்று சொல்லவே இல்லை. நான் முப்பத்து மூன்று வருஷம் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஏன் அந்தப் பக்கம் என்று சொல்வது மேலதிகாரிகள் வேலை. காற்றே, இனி இந்தப் பக்கம் அடி என்று நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, மயிலாப்பூர் நர்ஸிங் ஹோம் வராந்தாவில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். தங்கள் மாமியார் கபாலி கோயிலுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தாள். மூன்றரை மணிக்கு நர்ஸ் ஒருத்தி அட்டையில் செருகிய காகிதத்தோடு வந்து, “கொழந்தையோட ஹார்ட் பீட் கொறையுது சார், இனிமே காத்திருக்க முடியாதாம், ஆயுதம் போட்டு எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க, இங்க கையெழுத்துப் போடுங்க” என்றாள். ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டதும் கத்தி என்றே நினைத்து எழுந்து நின்றேன். பிறகுதான் அது இரண்டு பெரிய கரண்டிகளைச் சேர்த்தது போன்ற இடுக்கி என்றும், குழந்தையின் தலையைப் பிடித்து மெள்ள இழுப்பதற்கானது என்றும் தெரிந்துகொண்டேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாததால் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் ‘மேற்படி நபர்’ என்று இருந்தது. அது காமாக்ஷியைக் குறிக்கிறதா குழந்தையைக் குறிக்கிறதா என்பது தெளிவாக இல்லை. கேட்டேன். “சார், இது என்ன பரீட்சையா? படிச்சு மார்க் வாங்கப் போறீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். என் பேனா எழுதவில்லை. உதறினேன், அவள் வெள்ளை உடுப்பில் மசி தெறித்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு தடவை உள்ளே போய்வந்தாள். நான் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை வந்தபோது அவள் அவசரப்படுத்தாமல், “நிதானமா முடிங்க சார்” என்றாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவள் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை, என் கையெழுத்துக்கு இவ்வளவு வேகமாக ஒரு பலன் என் உத்தியோக காலத்தில் ஏற்பட்டதே இல்லை.

பிறந்த அன்று குழந்தையின் கன்னத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் மறைந்துவிட்டது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நானும் மாமியாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதம் ஆன பிறகு ஒரு விஷயம் தெரியவந்தது. கூடத்தில் தொட்டில் போட்டிருக்கிறோம். குழந்தைக்குத் தலை கிழக்கே, கால் மேற்கே. நம் வாசல் மேற்குப் பார்த்தது. அந்தத் தொட்டிலில் குழந்தை எப்போதும் வலது பக்கமே, அதாவது வடக்கு நோக்கியே முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நேரே திருப்பினால் ஒரு நிமிஷம் இருப்பான், பிறகு வடக்கு. தெற்கே திருப்பினால் அழுகை, பிறகு வடக்கு. எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை அங்கேயே இருந்து, குழந்தை முகம் எந்தத் திசை என்று மணிக்கொரு தடவை குறித்தேன். வடக்கு, வடக்கு, வடக்கு, தூக்கம், வடக்கு, வடமேற்கு, பால், வடக்கு. தாங்கள் என்னை அறிந்தவர். என் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ‘வடக்கு’க்குக் கீழேயும் என் கையெழுத்து இருப்பது போலவே எனக்குத் தோன்றியது. காமாக்ஷியிடம் சொல்லவில்லை. அவள் பச்சை உடம்புக்காரி. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்து, நான் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கள் மூன்றாவது கடிதமும், அதனுள் அந்த அச்சடித்த சிறு புத்தகமும் வந்தன. அங்கே கைரோப்ராக்டர் என்ற முதுகெலும்பு வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதையும், ஆயுதம் போட்டும் வயிற்றைக் கீறியும் எடுத்த குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு இடம் பிசகி அதனால் பின்னாளில் பல வியாதிகள் வரும் என்று அவர்கள் சொல்வதையும், தங்கள் ஆபீஸ் நண்பர் தமது குழந்தைக்கு அப்படிக் கழுத்தைச் சரிசெய்துகொண்டதையும் படித்தேன். பக்கம் நான்கில் அந்த வியாதிகளின் பட்டியல் இருக்கிறது. அடிக்கடி ஜலதோஷம், காதுவலி, அஜீரணம், தூக்கமின்மை, கணக்கில் பலவீனம், பயந்த சுபாவம், எதிலும் முடிவெடுக்க இயலாமை. இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். கணக்கில் பலவீனம் தவிர மற்ற எல்லாம் எனக்கே இருக்கின்றன. 1910-இல் நான் எப்படிப் பிறந்தேன் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் என்னைப் பற்றி அறுபத்து நான்கு வருஷமாகத் தெரியாமலிருந்த ஒரு காரணம் தெரிந்தாற்போல ஒரு நாள் முழுவதும் ஆறுதலாகவே இருந்தது. மறுநாள்தான், அப்படியானால் குழந்தையும் என்னைப் போல ஆகிவிடுமே என்ற எண்ணம் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தாங்கள் எழுதியிருந்தபடி, குழந்தையைக் குளிப்பாட்டும் பேச்சியம்மாளை உடனே நிறுத்திவிடத் தீர்மானித்தேன். பேச்சியம்மாள் ராமநாதபுரம் பக்கம். இருபத்தைந்து வருஷமாக மாம்பலத்தில் பாதிக் குழந்தைகள் அவள் காலில் படுத்துக் குளித்தவர்கள்தான். முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, அதன் மேல் குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கையை மடக்கி, காலை மடக்கி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு, கடைசியில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவாள். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முற்றத்தில் தூண் மறைவில் நின்று பார்த்தேன். புத்தகத்தில் மூன்றாம் படத்தில் அமெரிக்க வைத்தியர் செய்வதும் பேச்சியம்மாள் செய்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவர் கழுத்தில் டை கட்டியிருந்தார், அவ்வளவுதான். யாரை நிறுத்தி யாரிடம் போகச் சொல்கிறீர்கள் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஆனாலும் தங்கள் சொல்லை மீறக் கூடாது என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முன்னால் போய், “அம்மா, இனிமேல் கழுத்தை மட்டும் விட்டுவிட்டுக் குளிப்பாட்ட முடியுமா?” என்றேன்.

“கழுத்தை விட்டுட்டா? தலையை எங்கிட்டுச் சாமி வைக்கச் சொல்றீக, மாடத்துலயா?”

“இல்லை, மெதுவாக...”

“புத்தகத்தை வெச்சுக்கிட்டுப் பிள்ளை குளிப்பாட்டுற எடத்துல ஆம்பளைக்கு என்ன சோலி? அந்தா பாருங்க, நீங்க வந்து நின்னதும் பிள்ளை ஒங்களத்தான் பாக்குது, கண்ணுல சீயக்கா விழப்போகுது. அங்கிட்டுப் போங்க!”

உள்ளேயிருந்து தங்கள் மாமியாரும், “ஏன்னா, அவளை விடுங்கோளேன். உங்க பெண்ணையும் அவதான் குளிப்பாட்டினா. அவ கழுத்து எங்கே போச்சு?” என்றாள். நான் அங்கிட்டுப் போய்விட்டேன். பேச்சியம்மாள் சொன்னதில் ஒரு வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில், குளியல் நேரத்துக்கு எதிரே ‘திசை சரியாகத் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

சென்னையில் அந்த மாதிரி வைத்தியர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. விசாரித்ததில், தேனாம்பேட்டையில் மெஹபூப் அலி என்ற எலும்பு வைத்தியர் இருப்பதாகவும், முறிவு, சுளுக்கு, பிசகு எல்லாவற்றுக்கும் கைராசிக்காரர் என்றும் தெரிந்தது. ஆனால் குழந்தையை எடுத்துக்கொண்டு நேரே போய்விடலாமா? எந்தக் கருவியையும் உபயோகிக்குமுன் சோதனை செய்ய வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஆகவே நவம்பர் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, குழந்தையின் தலையும் கழுத்தும் சாய்ந்திருக்கும் கோணத்தை அளவோடு ஒரு படமாக வரைந்து எடுத்துக்கொண்டு, நான் மட்டும் தெருமுனைத் தங்கவேலின் சைக்கிள் ரிக்‌ஷாவில் புறப்பட்டேன். பாண்டி பஜார் தாண்டியதும் அவன், “இன்னா சார், மெஹபூப் பாய்கிட்ட போறியே, எங்க அடி? நல்லாதானே குந்திக்கினு கீறே?” என்று கேட்டான். அடி எனக்கில்லை, பேரனுக்கு என்றேன். “பேரன் எங்க?” வீட்டில் என்றேன். அவன் பெடலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். “பேரனுக்கு அடின்னா தாத்தா போய்க்கினு கீறாரு. சர்தான்” என்றான். அதன் பிறகு விசில் அடித்துக்கொண்டே வந்தான்.

மெஹபூப் அலி ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, கை இரண்டும் முறம் மாதிரி. படத்தை வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பிப் பார்த்தார். “இது கொழந்தையா சாமி? மொட்டை மாடியிலே காத்துக்குச் சுத்துமே, அது மாதிரி இருக்கு” என்றார். உள்ளபடியே நான் காற்றுமானி வரைந்து பழகியவன். விவரத்தைச் சொன்னேன். ஆயுதம், கையெழுத்து, வடக்கு எல்லாம் சொன்னேன். அவர் படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். “மூணு மாசக் கொழந்தை கழுத்துலே நான் கை வெக்க மாட்டேன் சாமி. எங்கப்பா சத்தியம் வாங்கிட்டுத்தான் எனக்குத் தொழில் குடுத்தார். அது எலும்பு இல்லே, வெண்ணெய். யாராவது வெக்கறேன்னு சொன்னாலும் தூக்கிட்டு ஓடிடுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.” எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. நன்றி சொல்லி எழுந்தேன். அப்போது அவர், “ஆனா ஒங்க கழுத்து எத்தனை வருஷமா இப்படி?” என்றார்.

“எப்படி?”

“ஒரு பக்கமாச் சாஞ்சு. ஒருத்தர் கேக்கறதுக்கு முன்னாடியே ஆமாம்னு சொல்றாப்பலே.”

ஆமாம் என்றேன். அதுதான் நான் செய்த தவறு. வேண்டாம் என்ற சொல்லை நான் தேடி எடுப்பதற்குள், அவர் என் பின்னால் வந்து முகவாயில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்துவிட்டார். உளுந்து அப்பளம் ஒன்றை யாரோ என் காதுக்குள் வைத்து நொறுக்கிய மாதிரி இருந்தது. “பாருங்க, எப்படி நிமிந்துட்டீங்க!” என்றார். நிமிர்ந்துதான் இருந்தேன். ஆனால் இடது பக்கம் திரும்ப முடியவில்லை. இரண்டு வாரத்தில் தானே இளகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் தங்கள் மாமியார் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்து பார்த்துவிட்டு, “குழந்தை கழுத்துக்கு வைத்தியம் கேக்கப் போனேளா, உங்க கழுத்தைக் குடுத்துட்டு வரப் போனேளா?” என்றாள். அவளைப் பார்த்துப் பதில் சொல்வதற்கு நான் முழுதாகச் சுற்றித் திரும்ப வேண்டியிருந்தது. நான் திரும்பி முடிப்பதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். தயவுசெய்து மெதுவாகப் படிக்கவும். என் நாற்காலி தொட்டிலுக்கு வடக்குப் பக்கத்தில் இருந்தது. தபால்காரர் வருவதும் தெரிய வேண்டும் என்று வாசலைப் பார்த்து உட்காருவேன். குழந்தையைப் பார்க்க இடது பக்கம் திரும்புவேன். இப்போது இடது பக்கம் திரும்ப வழியில்லை. குறிப்பு எடுப்பதை நிறுத்தவும் மனமில்லை. ஆகவே ஏழாம் தேதி வியாழக்கிழமை காலை நாற்காலியைத் தூக்கித் தொட்டிலுக்குத் தெற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் குழந்தை தெரியும். எட்டரை மணி: வடக்கு. ஒன்பதரை: வடக்கு, ஆனால் சிணுங்கல், எதையோ தேடுகிற மாதிரி. பத்தரை மணிக்கு நான் இருமினேன். குழந்தை முகம் நேரே வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு, மிகவும் கஷ்டப்பட்டு, புருவத்தைச் சுருக்கி, காது சிவந்து, ஒரு விரற்கடை அளவு தெற்கே திரும்பியது. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் நோட்டில் ‘தெற்கு’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். வெயில் எந்தப் பக்கம் என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திசை சரிதான். நாற்காலியை வடக்கே கொண்டுபோனேன். உடனே வடக்கே திரும்பினான். தெற்கே கொண்டுவந்தேன், சிரமப்பட்டு, முக்கி, மறுபடி தெற்கே வரப் பார்த்தான். நான் நாற்காலியும் கையுமாகக் கூடத்தில் அங்குமிங்கும் போவதைக் கண்டு காமாக்ஷி ஓடி வந்தாள்.

“என்னப்பா பண்ணறே?”

சொன்னேன். இரண்டு மாத நோட்டையும் எடுத்துக் காட்டினேன். அவள் நான்கைந்து பக்கம் புரட்டினாள். “அப்பா, அசடே! அவன் வடக்கே பாக்கலைப்பா. உன்னைப் பாத்துண்டிருக்கான். நீதான் பொழுது விடிஞ்சதுலேர்ந்து அங்கேயே உக்காந்துண்டு அவனைப் பாத்துப் பாத்து எழுதிண்டிருக்கியே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றும் தோன்றியது. நான் கழுத்தைத் திருப்பி நிச்சயம் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளை, என் வாழ்க்கையில் என்னை ஒருவர் இவ்வளவு நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது இதுவே முதல் தடவை. அதை நான் வியாதி என்று குறித்துவைத்திருக்கிறேன்.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் அது நானாக முடிவெடுத்ததாகும். தெற்கே திரும்ப அவன் பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே பதினொன்றாம் தேதி எல்லோருமாக அடையாற்றில் குழந்தை வைத்தியர் டாக்டர் கமர் ஜஹானிடம் போனோம். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட அம்மாள். குழந்தையின் கழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், கண்ணுக்கு நேரே சாவிக்கொத்தை ஆட்டினார். பிறகு என் நோட்டை வாங்கிப் படித்தார். “ஒரு பக்கமாவே பாக்கறான் டாக்டர்னு எல்லாரும்தான் வருவாங்க. வடமேற்குன்னு சொல்லிட்டு வந்தவங்க நீங்கதான்” என்றார். பிறகு விளக்கமாகச் சொன்னார். கழுத்தின் இடது பக்கத் தசை கொஞ்சம் இறுகியிருக்கிறது. எலும்பில் ஒன்றும் இல்லை. இறுகியதால் அந்தப் பக்கம் திரும்பச் சிரமம். என் நாற்காலியும் வலது பக்கமே இருந்துவிட்டதால் அவனுக்குத் திரும்ப அவசியமும் இல்லாமல் போயிற்று. நாள்தோறும் நான்கு வேளை அவர் காட்டியபடி முகத்தை மெள்ளத் திருப்பிப் பிடிக்க வேண்டும். முழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் கவிழ்த்துப் போட வேண்டும். பார்க்கத் தகுந்தது எல்லாம் தெற்கே இருக்க வேண்டும். சில மாதங்களில் சரியாகிவிடும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆகிவிடுகிறது என்றார். எண்ணெய்க் குளியல் இருக்கட்டும், தலைகீழாகத் தூக்குவதும் மூக்கைப் பிடித்துவிடுவதும் வேண்டாம் என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எல்லோரும் எழுந்து வெளியே போன பிறகு, நான் மட்டும் குடையை மறந்தது போலத் திரும்பி வந்து கேட்டேன். “டாக்டர், இது ஆயுதம் போட்டதால் வந்ததா?”

“இருக்கலாம். வயித்துக்குள்ளயே சுருண்டு படுத்ததால இருக்கலாம். ஆயுதமே போடாத குழந்தைக்கும் வருது. யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஏன்?”

“நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். “ஹார்ட் பீட் கொறைஞ்சுதுன்னு சொன்னீங்க. அப்ப இன்னும் கால் மணி நேரம் காத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சீங்களா? அதை எழுத உங்க நோட்டுல இடம் இருக்கா?” என்றார். தாங்கள் அனுப்பிய புத்தகத்தையும் காட்டினேன். ஐந்து நிமிஷம் நிதானமாகப் படித்தார். கேலி செய்யவில்லை. ஆயுதம் போட்ட குழந்தைகளைக் கொஞ்ச நாள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது வரைக்கும் சரி. பச்சைக் குழந்தையின் கழுத்தைச் சொடக்குவது மட்டும் எந்த ஊரிலும் வேண்டாம் என்று தங்களுக்கு எழுதச் சொன்னார். பட்டியலில் கணக்கில் பலவீனம் என்று இருக்கிறதே என்றேன். “கணக்கு வரலைன்னா ஒரு வாத்தியாரை வெச்சுக்கோங்க. கழுத்தை விட்டுடுங்க” என்றார்.

தாங்கள் இதனால் மனம் வருந்தக் கூடாது. புத்தகம் அனுப்பியதில் எந்தத் தவறும் இல்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் தகப்பனாருக்குக் குழந்தை கையில் கிடைக்காது, காகிதம்தான் கிடைக்கும். ஜனவரியில் காமாக்ஷியும் குழந்தையும் அங்கே வந்ததும் அந்த வைத்தியரிடம் காட்ட நேரம் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் யோசிக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேட்பதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

இப்போதைய நிலவரம்: கூடமே தெற்குப் பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது. என் நாற்காலி, ரேடியோ, பித்தளைக் கிலுகிலுப்பை, மாமியார் காய் நறுக்கும் இடம், எல்லாம் தெற்கே. பேச்சியம்மாள் முதல் நாள், “இருவத்தஞ்சு வருசமாத் தூக்கினேன், ஒரு பிள்ளை வந்து புகார் சொல்லலை” என்று முணுமுணுத்தாள். மறுநாளிலிருந்து அவளும் தெற்குப் பக்கம்தான் முக்காலி போட்டுக்கொள்கிறாள். பதினாறாம் தேதிச் சனிக்கிழமைக் குறிப்பில் தெற்கு ஐந்து, வடக்கு ஆறு, நேரே இரண்டு. நேற்று தெற்கு ஏழு. நான் முன்னறிவிப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாத உத்தியோகத்தில் இருந்தவன். ஆனாலும் சொல்கிறேன்: ஜனவரியில் விமானத்தில் ஏறும்போது தங்கள் பிள்ளை இரண்டு பக்க ஜன்னலையும் பார்ப்பான்.

ஆயினும் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது மாறாது. நான்கு கடிதங்களுக்குத் தங்களைக் காக்கவைத்ததும் மாறாது. அதற்காகத் தாங்கள் எந்த வார்த்தை சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். பெரிய மனது செய்து என்னை மன்னிக்க வேண்டும். தங்களுக்குத் தீர்க்காயுசும் தேக பலமும் உண்டாகவும், குழந்தைக்கு எல்லாத் திசைகளும் வசப்படவும் ஈசுவரனைப் பிரார்த்திக்கும்,

தங்கள் மாமனார்,
கல்யாணராமன்.

பி.கு.: காமாக்ஷி ஒரு வரி எழுதட்டும் என்று இக்கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முழுவதையும் படித்துவிட்டாள். இரண்டு தடவை சிரித்தாள், ஒரு தடவை நிறுத்தினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “அப்பா, நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே குழந்தை பொறந்தாச்சு” என்றாள். எனக்குப் புரியவில்லை. “நர்ஸ் உள்ளே வந்து, வெளியே பெரியவர் ஒவ்வொரு வரியாப் படிச்சுண்டிருக்கார், மூணாவது வரியில சந்தேகம் கேக்கறார்னு சொன்னா. டாக்டரம்மா என்னைப் பாத்தா. ‘அவர் படிச்சு முடிக்க மாட்டார், எங்கப்பாவை எனக்குத் தெரியும், குழந்தை மூச்சு முக்கியம், எதை வேணா போட்டு எடுங்கோ’ன்னு நான்தான் சொன்னேன். அவர் படிக்கட்டும், நாம வேலையைப் பாப்போம்னு டாக்டரம்மா எடுத்துட்டா. நீ போட்டுக் குடுத்த காகிதம் ஃபைலுக்கு” என்றாள். இதை ஏன் மூன்று மாதமாகச் சொல்லவில்லை என்றேன். “நீ கேட்டியா? நீ என்னிக்குக் கேட்டிருக்கே? குறிச்சுதானே வெச்சுப்பே!” என்றாள்.

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட மன்னிப்பைத் தயவுசெய்து ரத்து செய்யவும். அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விக்குச் சரியான பதில், தங்கள் மனைவி. கடிதத்தைத் திருத்தி எழுதலாம் என்றால் கழுத்து இடம் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். பயந்ததாகத் தெரியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், அவளே எழுதுகிறாளாம்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். நீங்கள் அங்கே நேரம் வாங்கியிருப்பதை நாளைக்கே ரத்து பண்ணிவிட்டு எழுதுங்கள். — கா.